குளிர்கால அணைக் கொடுவா: எந்த அணை, எந்த முறை?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அணைகளில் கொடுவா (பாராமுண்டி) நன்றாகக் கடிக்கும் மாதங்கள் எவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: செப்டம்பரிலிருந்து மே வரை. பிள்ளைகளின் விடுமுறை வருவதென்னவோ ஜூன் கடைசியிலும் ஜூலையிலும்தான். பிரிஸ்பேனிலோ சிட்னியிலோ இருந்துகொண்டு, அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு மீட்டர் கொடுவாவைப் பார்த்துவிட வேண்டும் என்று படகை வண்டியில் கோப்பவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பிரிஸ்பேனிலிருந்து நாலைந்து மணி நேரத்தில் போய்ச் சேரும் மொண்டுரான் அணையா, ஒரு பகலும் இரவில் பாதியும் ஓட்டிப் போக வேண்டிய புரோசர்பைனின் பீட்டர் ஃபாஸ்ட் அணையா? போன இடத்தில் கரையோரம் லூர் (செயற்கை இரை) வீசுவதா, அதைப் படகின் பின்னால் விட்டு இழுப்பதா, சோனார் (ஒலியலையால் நீருக்குள் மீனைக் காட்டும் கருவி) பார்த்து மூழ்கிய மரங்களுக்குள் தேடுவதா?

எங்கள் கணக்கு இது. கையில் மூன்று நாள்தான் என்றால் மொண்டுரான். வெயில் ஏறிய விரிகுடாக்களில் மதியத்துக்கு மேல் மட்டும் லூர் வீசுங்கள். ஒரு வாரமோ அதற்கு மேலோ கிடைத்தால் பீட்டர் ஃபாஸ்ட் அணை. படகே இல்லை, கரையில் நின்றுதான் வீச வேண்டும் என்றால் கெய்ர்ன்ஸ் பக்கத்து டினாரூ, அதுவும் ஆகஸ்டில். தேதியை நகர்த்த முடிகிறவர்கள் அணையை மாற்றுவதைவிடத் தேதியை மாற்றுவதே மேல். ஏன் என்று புரிந்துகொள்ள அணையின் நீருக்குள் குளிர்காலத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆழத்தில் வெதுவெதுப்பு இல்லை

கொடுவா வெப்பமண்டல மீன். 26 முதல் 30 டிகிரி நீரில் அது வெறிகொண்டு தின்னும். 22க்குக் கீழே வேகம் குறைகிறது. 20க்குக் கீழே செரிமானமே மந்தமாகிவிடுவதால், ஒரு இரையைத் தின்றபின் அடுத்ததற்கு வாய் திறக்க நாளாகும். 15 டிகிரியை நெருங்கினால் அது உயிர் பிழைக்கும் போராட்டம். கடுங்குளிர் நீண்ட ஆண்டுகளில் தெற்கு அணைகளில் பெரிய மீன்கள் செத்து மிதந்ததுண்டு. ஆற்றில் இருக்கும் கொடுவா குளிர் தாங்காவிட்டால் முகத்துவாரப் பக்கம் நகரலாம். அணைக்குள் விடப்பட்ட மீனுக்கு அந்த வழியும் கிடையாது. கொடுவா முட்டையிட உப்புநீர் வேண்டும் என்பதால் அணையில் அது பெருகுவதே இல்லை. இந்த அணைகளில் இருக்கும் மீன்கள் அநேகமாக எல்லாமே குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். மேலே குளிர்ந்தால் மீன் ஆழத்துக்குப் போகும், அங்கே வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்து ஆழமான இடத்தில் நாளெல்லாம் தேடுகிறார்கள். கோடையில் அணைநீர் அடுக்கடுக்காக நிற்கிறது: மேலே சூடு, கீழே குளிர். மே மாதத்திலிருந்து இரவுக் குளிரில் மேல்நீர் கனத்துக் கீழே இறங்க, அடுக்கு கலைந்து, ஜூலையில் மேலிருந்து அடிவரை ஏறத்தாழ ஒரே வெப்பநிலை ஆகிவிடுகிறது. ஆகவே ஆழத்தில் கிடைப்பது சூடு அல்ல, மாற்றமின்மை. இரவும் பகலும் 18.5 என்றால் 18.5 தான். சூடு கிடைப்பது ஒரே இடத்தில்: மதிய வெயில் பட்டு ஒன்றிரண்டு டிகிரி ஏறிய ஆழமில்லாத நீரில்.

இதனால் குளிர்கால மீன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒரு கூட்டம் நீரில் மூழ்கி நிற்கும் பட்டமரங்களுக்கிடையே நாலு முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டம் பிற்பகலில் விரிகுடாக்களின் பின்கோடிக்கு ஏறி, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீரில் வெயில் காயும். சில நாள் முதுகுத்துடுப்பு வெளியே தெரியக் கிடக்கும். முதல் கூட்டத்தைச் சோனாரில் பார்க்கலாம், கடிக்க வைப்பது கடினம். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்தால் கடிக்கும். முறையைத் தேர்வதென்பது இந்த இரண்டில் எதைத் தேடுகிறோம் என்பதுதான்.

சுடுநீர் இருந்தால் குளிரே பொருட்டல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெகு தெற்கே, விக்டோரியாவின் ஹேசல்வுட் நிலக்கரி மின்நிலையத்தின் குளிரூட்டும் நீர்த்தேக்கத்தில் 2016 இறுதியில் கொடுவாக்களை விட்டார்கள். 2017 மார்ச்சில் மின்நிலையம் மூடப்பட்டது. சுடுநீர் வரத்தும் அதோடு போயிற்று. குயின்ஸ்லாந்து அணைகளுக்கு அந்த வசதி இல்லை. சூரியன் மட்டும்தான்.

தெற்கு அணைகள்: மொண்டுரான், அவூங்கா

மொண்டுரான் என்பது ஜின் ஜின் ஊருக்கு அருகே கோலன் ஆற்றின் குறுக்கே உள்ள ஃபிரெட் ஹேக் அணையின் நீர்த்தேக்கம். பிரிஸ்பேனிலிருந்து 370 கிலோமீட்டர் போல. நிரம்பினால் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். விரல் விரலாகப் பிரிந்த விரிகுடாக்கள், ஓரமெல்லாம் பட்டமரங்கள், சில இடங்களில் நல்ல பாசிப்படுகை. உலக சாதனைக் கொடுவா இங்கிருந்துதான் வந்தது: 44.64 கிலோ, 2010 டிசம்பர். டிசம்பர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் புகைப்படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜூலையில் வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

நடுக்குளிர்காலத்தில் மொண்டுரானின் திறந்த நீர் 17 முதல் 19 டிகிரியில் இருக்கும். கொடுவாவுக்கு இது கீழ் எல்லைக்கு மிக அருகில். ஆனால் விரிகுடாக்கள் அதிகம் என்பதே இந்த அணையின் பலம். எந்தக் காற்று அடித்தாலும் அதற்கு முதுகு காட்டி, வடக்கு வெயிலைப் பார்த்த ஒரு மூலை எங்காவது இருக்கும். தெற்கு அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் சாய்ந்து போவதால், நீரின் தெற்குப் பக்கமாக அமைந்து வடக்கை நோக்கும் கரைகளில்தான் நாளெல்லாம் வெயில் விழுகிறது. அப்படிப்பட்ட விரிகுடாவின் கோடியில் மாலை மூன்று மணிக்கு 21 டிகிரி தென்படுவது அரிதல்ல. திறந்த நீருக்கும் அதற்கும் உள்ள அந்த இரண்டு மூன்று டிகிரிதான் முழுப் பயணத்தின் பலன்.

அவூங்கா கிளாட்ஸ்டனுக்குத் தெற்கே, போய்ன் ஆற்றில். நிரம்பினால் ஆறாயிரம் ஹெக்டேரைத் தாண்டும். ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெயர்பெற்ற கொடுவா அணை. 2010 இறுதி மழையிலும் 2013 ஜனவரியில் ஆஸ்வால்ட் புயலின் எச்சம் கொண்டுவந்த வெள்ளத்திலும் அணை வழிந்து, பெரிய மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கலிங்கு தாண்டிக் கடல்பக்கம் போய்விட்டன. அதற்குப்பின் குஞ்சு விட்டு மீட்டெடுத்தார்கள். குளிர்காலத்துக்கு அவூங்காவையும் மொண்டுரானையும் ஒப்பிட்டால் வெப்பநிலையில் பெரிய வேறுபாடில்லை. அவூங்காவின் பிரதான நீர்ப்பரப்பு அகலமானது. தென்கிழக்குக் காற்று எழும்பினால் சிறிய அலுமினியப் படகுக்கு அலை தொல்லை. முதன்முறை வருபவருக்கு மொண்டுரானே எளிது என்பது எங்கள் எண்ணம். அவூங்காவுக்குச் சாதகமாக ஒன்று: அணையில் கடியே இல்லை என்றால் பக்கத்தில் மாற்று வழி உண்டு. கிளாட்ஸ்டன் மின்நிலையத்தின் வெந்நீர் கலியோப் ஆற்றில் விழும் இடம் குளிர்காலக் கொடுவாவுக்குப் பேர்போனது. ஆனால் அது உப்புநீர், முதலை நடமாட்டம் உள்ள நீர், வேறு ஆட்டம்.

பிலோயிலா அருகேயுள்ள கல்லைட் அணையைக் குளிர்காலத்தில் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். உள்நாட்டுப் பகுதி, உறைபனி விழும் ஊர். கோடையில் நல்ல அணை.

வடக்கு அணைகள்: பீட்டர் ஃபாஸ்ட், கின்சண்ட், டீம்பரா

புரோசர்பைனிலிருந்து மேற்கே 25 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது பீட்டர் ஃபாஸ்ட் அணை. உள்ளூரில் புரோசர்பைன் ஏரி என்றும் சொல்வார்கள். பிரிஸ்பேனிலிருந்து 1,100 கிலோமீட்டர். படகை இழுத்துக்கொண்டு போக வர 2,200 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 330 லிட்டர் எரிபொருள். இந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது? ஜூலையிலும் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி நீர். காகிதத்தில் பார்க்க இரண்டு மூன்று டிகிரிதான். ஆனால் 18இல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தின்னும் மீன், 21இல் நாள்தோறும் சிறிது நேரமாவது தின்னும். வெயில் நேரம் தவறினாலும் வாய்ப்பு முழுதாகப் போய்விடாது.

இந்த அணையின் அடையாளம் அதன் மரக்காடு. 1990இல் அணை முடிந்தபோது மரங்களை வெட்டாமலே பெரும்பகுதியை நீருக்குள் விட்டார்கள். கூட்டமாக நிற்கும் பெரிய மீன்கள் குளிர்காலம் முழுவதும் இந்த மரங்களுக்குள்தான். ஆகவே இங்கே 30 பவுண்டு நூலோடு வருவது வீண். 50 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னிய நூல்) 80 பவுண்டு லீடரும் (லூர் முனையில் கட்டும் தடித்த நூல்) இல்லாவிட்டால், தூண்டிலில் மாட்டிய பெரிய மீனில் பாதி மரத்தைச் சுற்றிப் போய்விடும். இரவில் படகோட்டுவதும் இங்கே கவனம். நீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும் கட்டைகள் விளக்கில் தெரியாது. நடைவேகத்துக்கு மேல் போகாதீர்கள். படகில்லாமல் விமானத்தில் வந்து, ஏர்லி பீச்சில் குடும்பத்தைத் தங்கவைத்துவிட்டு, இரண்டு நாள் மட்டும் வழிகாட்டியின் படகில் போவதும் ஒரு வழி. எரிபொருள், தங்கல், வழியில் இரண்டு நாள் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அது அவ்வளவு ஆடம்பரமாகத் தெரியாது.

மக்காய் ஊருக்கு மேற்கே உள்ள கின்சண்ட் அணை சிறியது, நிரம்பினாலும் ஆயிரம் ஹெக்டேர் வராது. மரம் அதிகமில்லை, பாசி ஓரங்கள்தான் மீன் இருக்குமிடம். மீன்களின் சராசரி அளவு பெரிது, எண்ணிக்கையில் கடி குறைவு. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஒரே ஒரு மீன் போதும், அதற்காக மூன்று மாலை காத்திருப்பேன் என்பவருக்கு உகந்தது. பகலில் நீர்ச்சறுக்குப் படகுகளின் ஆரவாரம் இருக்கும். ஆகவே பொழுது சாயும் நேரத்திலிருந்து இரவு ஒன்பது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கயாக்கில் சுற்றிவர இதைவிட வசதியான கொடுவா அணை இல்லை.

டீம்பரா அதற்கும் மேற்கே மலைப்பக்கம். மரம், அல்லி, பாசி எல்லாம் உண்டு, பார்க்க அழகு. ஆனால் கின்சண்டைவிட உயரத்தில் இருப்பதால் இரவுக்குளிர் அதிகம், நீரும் ஒரு டிகிரி பின்தங்கியே இருக்கும். மக்காயில் நாலைந்து நாள் தங்குபவர் இரண்டையும் பார்க்கலாம். ஒன்றுதான் என்றால் கின்சண்ட்.

டினாரூ: வடக்கே இருந்தாலும் குளிர்

வரைபடத்தைப் பார்த்தால் கெய்ர்ன்ஸ் பக்கம். நல்ல சூடாக இருக்கும் என்று தோன்றும். அதர்ட்டன் மேட்டுநிலத்தில் கடல்மட்டத்திலிருந்து 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டினாரூ. ஜூலை இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். நீர் மொண்டுரானைவிட அதிகம் சூடாக இருக்காது. ஆக, வெப்பத்துக்காக 1,700 கிலோமீட்டர் வடக்கே போவதில் பொருளில்லை.

இருந்தும் டினாரூவைப் பட்டியலில் வைப்பதற்குக் காரணம் கரை. டான்புல்லா சாலை ஏரியைச் சுற்றி வருகிறது. கவுரி கிரீக், டௌன்ஃபால் கிரீக் போன்ற முகாம்களில் கூடாரத்திலிருந்து இறங்கி நடந்தே விரிகுடாவின் கோடியில் வீசலாம். கெய்ர்ன்ஸுக்கு எப்படியும் சுற்றுலா போகிறவர்கள், ஆகஸ்ட் கடைசி என்றால், ஒரு ராடை (தூண்டில் கம்பு) பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு மாலை கொடுக்கத் தகும் இடம். ஜூலை என்றால் அந்தப் பெட்டியில் கம்பளி வைப்பது மேல்.

கரையோரம் லூர் வீசுதல்

தெற்கு அணைகளுக்கு எங்கள் முதல் தேர்வு. காலையில் படகை இறக்கிப் பதற வேண்டாம். பத்து மணிக்கு மேல் இறங்கி, முதல் மூன்று மணி நேரம் தூண்டிலைத் தொடாமல் வெப்பநிலை மட்டும் பாருங்கள். வடக்கு நோக்கிய விரிகுடா, காற்று படாதது, தரை கருமையாக அல்லது பாசி படர்ந்ததாக இருப்பது, பக்கத்திலேயே பழைய ஓடைப் பள்ளம் மூன்று நாலு மீட்டர் ஆழத்தில் இருப்பது: இந்த நான்கும் சேர்ந்த இடமே வேண்டும். ஓடைப் பள்ளம் ஏன் என்றால், இரவுக்குளிரில் பின்வாங்கிய மீன் பிற்பகலில் அந்த வழியாகத்தான் ஏறி வரும்.

சோனாரின் வெப்பமானி நீரின் மேல் ஒரு சாண் அளவைத்தான் சொல்கிறது. அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு நூலில் சாதாரண வெப்பமானியைக் கட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு நிமிடம் விட்டு, சட்டென்று எடுத்துப் பாருங்கள். மேலே 21, ஒரு மீட்டரில் 18.5 என்றால் சூடு வெறும் தோல்தான். இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்து வரலாம். இரண்டும் ஒரு டிகிரிக்குள் நெருங்கிவிட்டால் அங்கேயே நங்கூரம்.

இடம் முடிவானபின் அலையாதீர்கள். மின்மோட்டாரை நிறுத்தி, கரையிலிருந்து 20, 25 மீட்டர் தள்ளி, நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்குங்கள். பிற்பகல் இரண்டரை முதல் இருட்டியபின் ஒரு மணி நேரம்வரை அதே இடம். மொண்டுரானில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் ஐந்தேகால் மணிக்கு மறைந்துவிடும். புரோசர்பைனில் அரை மணி நேரம் பிந்தும். கடி வருவது பெரும்பாலும் அந்த மறைவை ஒட்டி ஒரு மணி நேரத்தில்.

லூர் என்றால் இங்கே நீரில் மிதக்காமலும் மூழ்காமலும் அப்படியே நிற்கும் ஹார்ட்பாடி (கெட்டி உடல் லூர்). 10, 12 சென்டிமீட்டர், ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆழம் போகக்கூடியது. ராட் நுனியால் இரண்டு சின்னத் தட்டல், பிறகு நிறுத்தம். கோடையில் இரண்டு வினாடி நிறுத்தம் போதும். குளிரில் குறைந்தது எட்டு, மீன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றினால் இருபது. கடி வருவது நிற்கும்போதுதான். பொறுமையிழந்து வேகம் கூட்டுவதுதான் குளிர்காலத் தோல்விகளில் முக்கால்வாசி.

இங்கே ஒரு நுணுக்கம். 30 டிகிரி நீரில் சரியாக நின்ற லூர் 18 டிகிரி நீரில் மெல்ல மேலே வரும். நீரின் அடர்த்தி ஏறத்தாழ 0.3 சதவீதம் கூடிவிடுவதால், 20 கிராம் லூருக்கு 0.06 கிராம் மிதப்பு கூடுகிறது. சின்ன எண்தான், ஆனால் இருபது வினாடி நிறுத்தத்தில் அது ஒரு முழம் ஏற்றிவிடும். படகின் பக்கத்தில் விட்டுப் பாருங்கள். ஏறினால் வயிற்றில் ஒட்டும் ஈயத்தகட்டைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டுங்கள், அல்லது ட்ரெபிள் (மூன்று கிளை) முள்ளை ஒரு எண் பெரிதாக்குங்கள். மிகமெல்ல மூழ்கினால் பரவாயில்லை. மேலே ஏறுவதுதான் கூடாது. கடையில் வரும் முள்ளையும் வளையத்தையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மீட்டர் கொடுவா தலையை உதறினால் சாதாரண ட்ரெபிள் நிமிர்ந்துவிடும்.

சோனார் பார்த்து மரத்துக்குள்

கார்மின் லைவ்ஸ்கோப் போன்ற முன்னோக்கு சோனார் வந்தபின் குளிர்கால மீன்பிடிப்பே மாறிவிட்டது என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீன் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அது கடிக்குமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. திரையில் நாற்பது மீனைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் மொண்டுரானில் எத்தனையோ பேர். பீட்டர் ஃபாஸ்டில் நிலைமை வேறு: நீர் சூடு, மீன் கூட்டம், மரம் அடர்த்தி. சோனாருக்குச் செலவழித்த சில ஆயிரம் டாலர் அங்கேதான் திரும்பக் கிடைக்கும்.

இதற்குச் சாஃப்ட் பிளாஸ்டிக் (மென்மையான ரப்பர் போன்ற லூர்), 12 முதல் 15 சென்டிமீட்டர், துடுப்பு வால். ஸ்க்விட்ஜி ஸ்லிக் ரிக், பெர்க்லி ஹாலோ பெல்லி போன்றவை கடைகளில் எளிதில் கிடைப்பவை. மரத்துக்குள் வீசுவதால் முனை உடலுக்குள் மறையும் அகல முள், அதன் வயிற்றில் ஈயம். சற்றுத் திறந்த இடமென்றால் 7 முதல் 10 கிராம் ஜிக் தலை (ஈயத்தலை வைத்த முள்). மீனிலிருந்து 15, 20 மீட்டர் தள்ளியே படகு நிற்க வேண்டும். படகு நெருங்க நெருங்க மீன் இரண்டு மீட்டர் கீழே இறங்கினால் அது உங்களைப் பார்த்துவிட்டது. அரை மணி நேரம் விட்டுவிட்டு வேறு பக்கத்திலிருந்து வாருங்கள்.

கொடுவா மேல்நோக்கிப் பார்த்துத் தாக்கும் மீன். லூர் அதன் தலைக்கு அரை மீட்டர் மேலே வரவேண்டும். கீழே போய்விட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. சுற்றும் வேகம் வால் துடித்தால் போதும் என்ற அளவு. ரீல் கைப்பிடி ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி. அதிவேக ரீல்கள் இந்த வேலைக்குத் தொல்லை. குறைந்த கியர் விகிதம் உள்ளதே நல்லது. கடி என்பது கோடையில் வரும் இடிபோன்ற அடி அல்ல. நூல் திடீரென்று கனப்பது, அல்லது தளர்வது, அவ்வளவுதான். அந்தக் கணமே பக்கவாட்டில் பலமாக இழுத்து முள்ளை ஏற்றி, முதல் ஐந்து வினாடியில் மீனை மரத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். டிராக்கை (ரீலின் நூல் பிரேக்) தராசு வைத்து 5 கிலோவுக்கு இறுக்கிவையுங்கள். கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்தால் பெரும்பாலும் இரண்டரை கிலோதான் இருக்கும்.

இழுவையும் இரையும்

படகின் பின்னால் லூர் விட்டு இழுப்பது மற்ற இரண்டையும்விடப் பலன் குறைவு. ஆனால் சிறுவர்கள் படகில் இருந்தால் இதுதான் நடக்கும், அதிலும் தவறில்லை. மர ஓரத்தை ஒட்டி, ஐந்தாறு மீட்டர் நீரில், மூன்று மீட்டர் போகும் லூர். கோடையில் நாலு கிலோமீட்டர் வேகம் என்றால் குளிரில் இரண்டு, இரண்டரை. மின்மோட்டார் இல்லாமல் அந்த வேகத்தைப் பிடிப்பது கஷ்டம்.

செத்த இறாலோ மீன் துண்டோ போட்டு உட்காரலாமே என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். வருவது கெளுத்திதான்.

நூலும் நாளும்

மரமில்லாத விரிகுடாவுக்கு 30 பவுண்டு பிரெய்டு, 60 பவுண்டு நரம்பு லீடர் ஒன்றரை மீட்டர். மரத்துக்கு மேலே சொன்ன 50, 80. பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி என்னும் மெல்லிய முடிச்சால் இணையுங்கள். ராட் வளையத்தில் சிக்காது. லூரை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சில் தொங்கவிட்டால் மெதுவான ஆட்டத்திலும் உயிர் இருக்கும். கொடுவாவின் வாய் அரம் போன்றது. ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் லீடரின் கடைசி அரை மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிக் கட்டுங்கள்.

நாள் குறிப்பதில் பலரும் முதலில் பார்ப்பது பௌர்ணமி. அந்தி நேரத்தில் நிலா எழும் நாட்களில் கடி கூடுகிறது என்பது அணைத் தூண்டில்காரர்களின் பரவலான நம்பிக்கை. நாங்களும் அதை மதிக்கிறோம், ஆனால் இரண்டாவது இடத்தில்தான். முதலிடம் காற்றுக்கு. மேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று அடித்து ஓய்ந்த முதல் மூன்று நாள் எந்த அணைக்கும் போகாதீர்கள், நிலா எப்படி இருந்தாலும். பிரிஸ்பேனில் எக்கா கண்காட்சி நேரத்தில் வரும் அந்தக் காற்றை அங்கே வசிப்பவர்கள் அறிவார்கள். அதன்பின் வானம் தெளிந்து, காற்று வடக்காகத் திரும்பி, பிற்பகல் வெப்பநிலை மூன்று நாள் தொடர்ந்து ஏறினால், அந்த மூன்றாம் நாள்தான் உங்கள் நாள். நீர் 19 டிகிரியாக இருந்து ஏறிக்கொண்டிருப்பது, 21ஆக இருந்து இறங்கிக்கொண்டிருப்பதைவிட நல்லது. இளம் வடகாற்று இரண்டு நாள் வீசினால் சூடான மேல்நீரைத் தெற்குக் கரைக்கு ஒதுக்கும். வெயிலும் அங்கேதான் விழுகிறது என்பதால் இரட்டை லாபம்.

மாதங்களுக்குள் ஜூன் முற்பாதி ஜூலையைவிட மேல். கோடையின் சூடு நீரில் இன்னும் மிச்சமிருக்கும். ஆகஸ்ட் கடைசி இரண்டையும் விட மேல். பகல் நீண்டு, நீர் முதன்முறையாக ஏறத் தொடங்கியதும் பெரிய பெண் மீன்கள் கூட்டமாக ஆழமில்லாத விரிகுடாக்களுக்கு வருகின்றன. ஜூலையில் பீட்டர் ஃபாஸ்டா, ஆகஸ்ட் கடைசியில் மொண்டுரானா என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வோம். எரிபொருளும் மூன்றில் ஒரு பங்குதான்.

மீன் கைக்கு வந்தபின்

குளிர்ந்த நீரில் கொடுவாவின் நோயெதிர்ப்பு குறைந்திருக்கும். மேல்கோழை உரிந்த இடத்தில் பூஞ்சை பிடித்து, விட்ட மீன் ஒரு வாரத்தில் சாகலாம். ரப்பர் வலைக்கூடை, நனைத்த விரிப்பு, படுக்கை வாட்டில் இரண்டு கையால் தாங்கல். தாடையில் மாட்டித் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட மீனின் கழுத்தெலும்பு அதைத் தாங்காது. செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி வெட்டும், கையுறை போடுங்கள்.

குயின்ஸ்லாந்தில் பொதுவான மீன்பிடி உரிமம் கிடையாது. ஆனால் மீன்குஞ்சு விடப்பட்ட அணைகளுக்கென்று தனி அனுமதிச்சீட்டு உண்டு. வாரத்துக்கும் ஆண்டுக்கும் இணையத்திலேயே வாங்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையில்லை. நீங்கள் போகும் அணை பட்டியலில் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். வைத்துக்கொள்ளும் மீன் 58 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 120க்கு மேற்பட்டது பொதுவாகக் கூடாது; குஞ்சு விடப்பட்ட அணைகளில் மட்டும் ஒன்று அனுமதி. ஆளுக்கு மொத்தம் ஐந்து. படகு மோட்டார் 6 குதிரைத்திறனுக்கு மேல் என்றால் ஓட்ட உரிமம் வேண்டும். இரவில் மிதவைச் சட்டை போட்டே இருங்கள். 18 டிகிரி நீரில் குளிராடையோடு விழுந்தால் நீந்துவது நினைப்பதைவிடக் கடினம். வடக்கு அணைகளின் படகுத்துறையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நீரில் கால் வையுங்கள், கயாக்காரர்கள் முக்கியமாக.

குழம்புக்கு வேண்டுமென்றால் 60, 70 சென்டிமீட்டர் மீன் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மீட்டர் மீனில் கொழுப்பும் சேற்று வாடையும்தான் மிஞ்சும். புளியும் மிளகாயும் எவ்வளவு போட்டாலும் அது போகாது. அதை அணையிலேயே விட்டுவிட்டு, திரும்பும் வழியில் கடையில் பண்ணைக் கொடுவா வாங்கிக்கொள்ளுங்கள்.